பழைய பேப்பர்களில் செய்திக்குச் செய்தி ‘தந்தி’ என்று போட்டிருக்கிறார்களே, எதற்கு?

பரண்பூனை:

எல்லோருக்கும் வணக்கம். என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போர் தொடங்கியபோது ரங்கூனில் ஒரு மரக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் எப்போது, எந்தக் கப்பலில் ஊர் திரும்பினார் என்று தேடக் கிளம்பி, இரண்டு மாதமாக 1914, 1915 வருஷத்துத் தமிழ் நாளிதழ்களை மைக்ரோபிலிமில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது. கப்பல் இன்னும் அகப்படவில்லை. அகப்பட்டது ஒரு சந்தேகம்.

எங்கே பார்த்தாலும் ‘தந்தி’. செய்தியின் தலையில் தந்தி, வாலில் தந்தி. அது மட்டுமில்லை. ஐரோப்பாவில் ஒரு சண்டை, கல்கத்தாவில் ஒரு வழக்கு, எங்கோ ஒரு கவர்னர் விஜயம், இவை மூன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் மூன்றும் தந்தியில் வந்தவை என்பதற்காகவே ஒரே இடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளூர் மழை, வெள்ளாமை, சங்கக் கூட்டமெல்லாம் வேறு பக்கத்தில் தனியாக. செய்தி எதைப் பற்றியது என்பதைவிட எதில் ஏறி வந்தது என்பதா அவ்வளவு முக்கியம்? இன்றைக்கு ஒரு பத்திரிகை ‘வாட்ஸப்பில் வந்த செய்திகள்’ என்று பக்கம் ஒதுக்கினால் யார் நம்புவார்கள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் தந்தி என்றாலே சாவு. தந்திச் சேவகர் சைக்கிளை எங்கள் திண்ணையில் சாய்த்தால் போதும், பிரித்துப் பார்க்குமுன்பே பாட்டி ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார் என்று அம்மா சொல்வார். ஒருமுறை மாமாவுக்கு வேலை கிடைத்த தந்திக்கு அழுது முடித்த பிறகுதான் என்னவென்று கேட்டாராம். வீட்டில் இப்படி அபசகுனமாக இருந்த ஒரு சொல்லைப் பத்திரிகைக்காரர்கள் எப்படி நெற்றியில் பொட்டு மாதிரி வைத்துக்கொண்டார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈயஎழுத்து:

வாட்ஸப்போடு ஒப்பிட்டதில்தான் கோளாறு. வாட்ஸப் ஓசி. தந்தி வார்த்தைக்கு இத்தனை என்று காசு.

இந்தியாவில் தந்தியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1855இல். லண்டன் செய்தி நிறுவனமான ராய்ட்டர் பம்பாயில் கடை விரித்தது 1866இல். சுதேசமித்திரன் 1882இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி 1899இல் நாளிதழானது. வாரப் பத்திரிகை கடிதத்தை வைத்து ஓட்டிவிடலாம். நாளிதழுக்கு அது கட்டாது, விடிந்தால் பக்கம் நிரம்ப வேண்டும். 1904இல் பாரதியார் மித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவர் தலையில் விழுந்த வேலையில் பெரும்பங்கு இங்கிலீஷில் வரும் தந்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்குவதுதான். ருஷ்ய–ஜப்பான் யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. கவிஞரை இப்படிப் போட்டு வாட்டினார்களே என்று பலரும் பரிதாபப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு வார்த்தைத் தந்தியை ஊர் சனங்களுக்குப் புரிகிற ஒரு பத்தியாக விரித்து எழுதிப் பழகியவர் கைக்கு அது நல்ல பயிற்சிதான்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வாடையும் உண்டு. ‘ராய்ட்டர் தந்தி’ என்றால் லண்டன் சொன்னது என்று அர்த்தம். போர்க்காலத்தில் அதுவும் தணிக்கைக்குத் தப்பி வந்த மிச்சம். ஆசிரியர் அதைச் செய்தியின் தலையில் போடுவது பாதி பெருமை, பாதி தற்காப்பு. ‘இதை நான் சொல்லவில்லை ஐயா, கம்பி சொல்லுகிறது’ என்று கை கழுவிக்கொள்ளலாம். படிக்கிறவனும் அதற்கேற்ற உப்பைப் போட்டுப் படித்துக்கொள்வான்.

உங்கள் கொள்ளுத்தாத்தா விஷயத்தில் 1914 செப்டம்பரை விட்டுவிடாதீர்கள். அந்த மாதம் வங்காள விரிகுடாவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வேட்டையாடிக்கொண்டிருந்தது. 22ஆம் தேதி இரவு சென்னையில் பர்மா ஆயில் டாங்கிகளைச் சுட்டுவிட்டுப் போனதும் அதுதான். கப்பல் போக்குவரத்தே தடுமாறிய நேரம். அந்த எம்டன் மாட்டிய கதையும் உங்கள் கேள்விக்குப் பொருந்தும். நவம்பர் 9ஆம் தேதி கொக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க ஆளை இறக்கியது. நிலையத்துக்காரர்கள் அதற்குள் ‘இங்கே ஓர் அன்னியக் கப்பல்’ என்று அடித்துவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து கதையை முடித்தது. தந்தியை அறுக்கப் போய்த் தந்தியாலேயே மாட்டியது. ‘அவன் சரியான எம்டன்’ என்று நம் ஊரில் இன்னும் சொல்கிறோம், அந்த எம்டனுக்கு இதுதான் முடிவு.

பாலக்காட்டு வெயில்:

ஒரு சின்ன இடைச்செருகல். எங்கள் பக்கம் மலையாளத்தில் தந்திக்குக் ‘கம்பி’ என்றே பெயர். ‘கம்பி வந்நு’ என்றால் அதே ஒப்பாரிதான். வயர்லெஸ்ஸுக்குக் ‘கம்பியில்லாக் கம்பி’ என்பார்கள், தமிழில் ‘கம்பியில்லாத் தந்தி’. வீணையிலும் தந்தி, தபாலாபீசிலும் தந்தி. குளிரில் பல் தந்தியடிக்கிறது என்கிறோமே, அது அந்த மெஷினின் கட்டுக்கடா சத்தத்தைக் கேட்டவன் சொன்னதாகத்தான் இருக்கும். சரி, நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

ஆத்தங்கரை:

பரண்பூனைக்கும் ஈயஎழுத்துத் தம்பிக்கும் வணக்கம். வரலாறு அவர் சொல்லிவிட்டார். நான் தபாலாபீஸ் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற ஆள். 1974 முதல் 1991 வரை தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊரில் பகுதிநேர நிருபர். பகல் தொழில் உரக்கடை. பத்திரிகையின் பெயர் வேண்டாம், கதையைக் கேளுங்கள்.

செய்தி அனுப்ப எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று கவர். எழுதி உறையில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் ‘செய்தி’ என்று எழுதி, சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் பையன் வாங்கிக்கொள்வான். கண்டக்டருக்கு ஒரு டீ. சில நாள் அவர் மறந்துபோய்ச் சீட்டுக்கடியில் வைத்தபடி டெப்போவுக்குப் போய்விடுவார், அதெல்லாம் சகஜம். இன்னொரு வழி தந்தி. பத்திரிகைத் தந்திக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. ஆபீசில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் நான் காசு கட்ட வேண்டாம், கணக்குப் பத்திரிகையின் பேரில் போய்விடும். அந்த அட்டையைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கடைவீதியில் நடப்பேன். வயது அப்படி.

கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா, பஞ்சாயத்துக் கூட்டம் எல்லாம் கவர். கொலை, பஸ் கவிழ்ந்தது, அணை திறந்தது, மந்திரி காரை மறித்தது எல்லாம் தந்தி. எங்களுக்குள் ‘இது தந்திக்குத் தாங்குமாவே?’ என்றுதான் கேட்டுக்கொள்வோம். பக்கத்து ஊர் நிருபர் ஒருவர், தன் சம்பந்தி எலெக்‌ஷனில் நின்ற செய்தியைத் தந்தியில் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆக, உங்கள் 1914 பேப்பரில் தந்திச் செய்திகளைத் தனியாக நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒருவன் காசு கொடுத்து அவசரமாக அனுப்பியது இது, மற்றவன் சாவகாசமாக எழுதிப் போட்டது அது. இந்த வித்தியாசம் படிக்கிறவனுக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு கூத்தும் உண்டு. விவசாயிகள் சங்கத்தார் தண்ணீர் கேட்டு முதலமைச்சருக்குத் தந்தி அடிப்பார்கள். அடித்த கையோடு ரசீதையும் நகலையும் எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வருவார்கள். மறுநாள் ‘இவ்வாறு அவர்கள் தந்தியில் கூறியுள்ளனர்’ என்று பேப்பரில் வர வேண்டும். முதலமைச்சர் படித்தாரோ இல்லையோ, தாசில்தார் படிப்பார். அந்தத் தந்தி உண்மையில் யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இப்போது என் பிழை. நம் ஊர்த் தபாலாபீசில் தமிழ் எழுத்தில் தந்தி போகாது. ஒன்று இங்கிலீஷில் எழுத வேண்டும், இல்லையென்றால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டும். என் இங்கிலீஷ் யூரியா, பொட்டாஷோடு சரி. அதனால் தமிழை அந்த எழுத்தில் எழுதித்தான் அனுப்புவேன். நிறுத்தக்குறி கிடையாது. வேண்டுமென்றால் ‘ஸ்டாப்’ என்று எழுதலாம், அதற்கும் ஒரு வார்த்தைக் காசு. முந்தின வாரம்தான் ‘தந்திச் செலவைக் குறைக்கவும்’ என்று ஆபீசிலிருந்து ஒரு கார்டு வந்திருந்தது.

ஓர் ஐப்பசி. மூன்று நாள் அடைமழை. ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கடைவீதிக்குள் வந்துவிட்டது. என் கடையில் முழங்கால் அளவு. எதிரே அரிசி மண்டியில் அடி வரிசை மூட்டை நூறும் நனைந்து போச்சு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். தந்திப் பாரம் எழுதும்போது கையிலிருந்து தண்ணீர் சொட்டி மை கலைகிறது. நான் எழுதியது இது: ‘கடைவீதியில் வெள்ளம் நூறு மூட்டை நாசம்’. அரிசி என்ற சொல்லைச் சிக்கனத்துக்காக விட்டேன். மூட்டை என்றால் அரிசிதானே, ஆபீசில் தெரியாதா என்ன என்று நினைப்பு. போஸ்ட்மாஸ்டர் பென்சில் நுனியால் வார்த்தையை எண்ணிக்கொண்டே, ‘வெள்ளத்துக்குப் பிறகு ஒரு ஸ்டாப் போடட்டுமா அண்ணாச்சி?’ என்று கேட்டார். வேண்டாம், செலவு என்று சொல்லிவிட்டேன்.

வி, ஈ, எல், எல், ஏ, எம். வெள்ளத்துக்கும் அதே ஆறு எழுத்து, வெல்லத்துக்கும் அதே ஆறு எழுத்து.

மறுநாள் பேப்பரில் ஆற்றையே காணோம். ‘கடைவீதியில் வெல்லம் 100 மூட்டை நாசம்’ என்று அழகாகத் தலைப்புப் போட்டு, கீழே ‘சேத மதிப்பு தெரியவில்லை’ என்று அவர்களாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். டீக்கடையில் ஒருவன் உரக்க வாசிக்கிறான், வாசலில் அப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் வெல்ல மண்டி வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அவருக்குக் கடனில் சரக்கு அனுப்பும் வெளியூர் வியாபாரியும் அந்தப் பேப்பர்தான் படிப்பவர். பணம் போச்சே என்ற பதற்றத்தில் அந்த மனிதர் மத்தியானமே ஒரு தந்தி அடித்துவிட்டார். கடை மூடியிருந்ததால் தந்திச் சேவகர் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார். வீட்டில் மண்டிக்காரரின் அம்மா மட்டும். பரண்பூனை, உங்கள் பாட்டி மாதிரியேதான். ஆச்சி பாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ‘ஏ என் தங்கச்சி’ என்று எடுத்த குரல் மூன்று தெருவுக்குக் கேட்டது. தங்கச்சி விக்கிரமசிங்கபுரத்தில் சௌக்கியமாக இருந்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பிரித்துப் படித்தால், ‘வெல்லம் நிலவரம் என்ன உடனே பதில்’ என்று இருக்கிறது.

ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தத் திண்ணைதான். ஒரே கம்பி, ஒரே தபாலாபீஸ், அங்கே செய்தி, இங்கே சாவு. யாரும் குழப்பிக்கொள்ளவில்லை, நானாகக் குழப்பிவிட்டாலொழிய. டீக்கடையில் ‘தந்தி வந்துட்டா?’ என்று கேட்டால் ஒருத்தரும் அழமாட்டார்கள், பேப்பரைத்தான் கேட்கிறார்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் நாளிதழ் தொடங்கியபோது அந்தச் சொல்லைத் துணிந்து பெயராகவே வைத்தார். எனக்குத் தெரிந்து அதைவிடக் கெட்டிக்காரத்தனமான பெயர் தமிழ்ப் பத்திரிகையில் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் வாய்க்கு வரும், அவசரம் என்ற அர்த்தமும் கூடவே வந்துவிடும்.

கடைசியாக ஒரு தொழில் நுணுக்கம், உங்கள் தேடலுக்கு உதவும். செய்தியின் தொடக்கத்தில் ஊர் பெயரும் தேதியும் இருக்கும் பாருங்கள். அந்தத் தேதி செய்தி புறப்பட்ட நாள். அதையும் பேப்பரின் தேதியையும் வைத்துக் கழித்துப் பாருங்கள். தூரத்து ஊர்ச் செய்திக்கு ஒன்றிரண்டு நாள் என்றால் பெரும்பாலும் தந்தி. அதற்கு மேலே போனால் கடிதம். தலைப்பில் தந்தி என்று போட்டிருக்கிறதா இல்லையா என்று தேடவே வேண்டாம்.

வடலி:

ஆத்தங்கரை ஐயா, வெல்லக் கதையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், சிரிச்சு முடியேல்லை.

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு சின்னச் சங்கதி. எங்கட ‘உதயதாரகை’ 1841இல் தொடங்கின பத்திரிகை. தந்திக்கு முந்தின காலம். அப்ப செய்தி வாறது கப்பலிலயும் கடிதத்திலயும்தான். அந்தக் காலத்தில் செய்திக்கு வழங்கின சொல் ‘வர்த்தமானம்’. சென்னையில் 1855இல் பெர்சிவல் பாதிரியார் தொடங்கின பத்திரிகைக்கும் ‘தினவர்த்தமானி’ என்றுதான் பெயர். அவர் முந்தி யாழ்ப்பாணத்தில் இருந்தவர், பிறகு அதை நடத்தின சி.வை. தாமோதரம்பிள்ளையும் எங்கட சிறுப்பிட்டி ஆள். தமிழ்நாட்டில் அந்தச் சொல் மறைஞ்சு போச்சு. எங்களிட்ட இன்னும் உயிரோட இருக்கு, ஆனால் அரசாங்கக் கந்தோருக்குள்ள மட்டும். ‘வர்த்தமானியில வந்திட்டுதோ?’ என்று கேட்டால் அரசிதழில் வந்ததோ என்று அர்த்தம்.

ஐயா தன்னை நிருபர் என்று சொல்லுறார். நிருபம் என்றால் கடிதம். வேதாகமத்தில் ‘ரோமருக்கு எழுதின நிருபம்’ என்று வாசிச்சிருப்பியள். அப்ப நிருபர் எண்டவர் கடிதம் எழுதுறவர். தந்தி அடிக்கத் தொடங்கின பிறகும் அவர் நிருபராகவே இருந்திட்டார். அவருக்குத் ‘தந்தியர்’ என்று ஒருத்தரும் பேர் மாத்தேல்லை.

பரண்பூனை:

எல்லோருக்கும் நன்றி. ஆத்தங்கரை அண்ணாச்சி சொன்ன கழித்தல் கணக்கை நேற்று போட்டுப் பார்த்தேன். ஒரே நாள் பேப்பர், ஒரே பக்கம். லண்டன் செய்திக்கு இடைவெளி இரண்டு நாள். கும்பகோணம் தாலுகாவிலிருந்து ஒருவர் வாய்க்கால் மராமத்து பற்றி எழுதியதற்கு ஆறு நாள்! அந்தப் பத்திரிகையைப் பொறுத்தவரை கும்பகோணத்தைவிட லண்டன்தான் சென்னைக்குப் பக்கம். சண்டை நடக்கிற ஊர்ப் பெயரெல்லாம் தெரிந்த கொள்ளுத்தாத்தாவுக்கு, சொந்த ஊரில் என்ன நடக்கிறதென்று கடைசியாகத்தான் தெரிந்திருக்கும் போல.

கப்பல் போக்குவரத்துப் பகுதியையும் செப்டம்பர் மாதத்துக்குத் தனியாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன், ஈயஎழுத்து. ரங்கூன் கப்பல்களில் ஒரு தடுமாற்றம் தெரிகிறது. பார்ப்போம்.

அண்ணாச்சி, ஒன்று மட்டும் கேட்கிறேன். திருத்தம் போட்டார்களா? அந்த ஆச்சி உங்களை என்ன சொன்னார்?

ஆத்தங்கரை:

திருத்தம் போடவில்லை தம்பி. போடச் சொல்லி இன்னொரு தந்தி அடிக்க எனக்கும் துணிச்சல் இல்லை. வெள்ளச் செய்தியை விரிவாக எழுதிக் கவரில் அனுப்பினேன். அது வெளிவந்தபோது கடைவீதி காய்ந்து புழுதி பறந்துகொண்டிருந்தது. மாதக் கடைசியில் வெளியான செய்திகளை வெட்டி ஒட்டி அனுப்பித்தான் காசு வாங்க வேண்டும். அந்த வெல்லச் செய்தியையும் ஒட்டினேன். அதற்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள், வேண்டாமென்று சொல்லவில்லை.

மண்டிக்காரர் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது, என் கடையில்தான் அவருக்கு உரப் பற்று. ஆச்சிக்குக் கோபமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் பெயர் போச்சு. தெருவில் தலை தெரிந்தால் ‘ஏ வெல்லம், இன்னைக்கு யாருக்குலே தந்தி?’ என்பார். சின்னப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தார். அவர் காலமானபோது எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போனிலேயே சொல்லிவிட்டார்கள். நான் ஐந்து வரி எழுதிக் கவரில் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தது. முதல் வேலையாக எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், பெயர் சரியாக இருந்தது.